கண்ணாடித் தகட்டில் பதிந்த தேசம்: புகைப்பட முன்னோடி ராஜா தீனதயாள்

புது தில்லி: தலைநகரில் உள்ள இந்திரா காந்தி தேசிய கலை மையம் 2,857 கண்ணாடித் தகடுகளைத் தன் காப்பகத்தில் பாதுகாத்து வருகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் தெரியும் நெகடிவ்கள் அவை. மன்னர்கள், வைஸ்ராய்கள், கோயில்கள், கோட்டைகள், படை அணிவகுப்புகள், பஞ்ச நிவாரணக் காட்சிகள் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவின் ஒரு பெரும் பகுதி அந்தத் தகடுகளில் உறைந்து கிடக்கிறது. கை தவறினால் ஒரு நொடியில் நொறுங்கிவிடும் பொருளில் ஒரு காலத்தின் வரலாறு எழுதப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

அவற்றை உருவாக்கியவர் ராஜா தீனதயாள். பொதுப்பணித் துறை அலுவலகத்தில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் இருந்தவர், ஆட்சியாளர்களின் கையில் இருந்த ஒரு கருவியைக் கற்றுத் தேர்ந்து, அந்த ஆட்சியாளர்களையே தன் முன் அசையாமல் நிற்க வைத்தவர். அவர் கற்ற கலை எத்தகையது, அதை யாருக்காகப் பயன்படுத்தினார், அவர் விட்டுச் சென்றதை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கேள்விகள் அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் உயிர்ப்புடன் இருக்கின்றன.

சர்தானாவிலிருந்து ரூர்க்கிக்கு

மீரட் நகருக்கு அருகே உள்ள சர்தானாவில் 1844-ம் ஆண்டு பிறந்தார் தீனதயாள். சமண சமயத்தைச் சேர்ந்த நகை வணிகக் குடும்பம் அவருடையது. பேகம் சம்ரு என்ற பெண் தன் சொந்தப் படையுடன் ஆட்சி செய்த ஊர் சர்தானா. 1836-ல் பேகம் மறைந்ததும் அந்தச் சிறிய ஆட்சிப் பகுதி கிழக்கிந்திய கம்பெனியின் வசமானது. ஆகவே, தீனதயாள் பிறந்தபோதே அவரது ஊர் தன் பழைய அரசை இழந்திருந்தது.

அவருக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, 1857 மே 10-ம் தேதி மீரட் படை முகாமில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். வட இந்தியா முழுவதையும் உலுக்கிய அந்த எழுச்சி ஒடுக்கப்பட்டபின் கம்பெனி ஆட்சி முடிவுக்கு வந்தது; பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சி தொடங்கியது. எழுச்சியின் பிறப்பிடத்துக்கு மிக அருகில் வளர்ந்த தலைமுறை, புதிய ஆட்சியின் கல்விச் சாலைகளையும் அலுவலகங்களையும் நோக்கி நடக்க வேண்டிய காலம் அது.

தீனதயாள் சென்ற கல்விச் சாலை ரூர்க்கியில் இருந்த தாம்சன் பொறியியல் கல்லூரி. கங்கைக் கால்வாய்ப் பணிக்கு ஆட்களை உருவாக்க 1847-ல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம்தான் இன்றைய ரூர்க்கி ஐ.ஐ.டி. அங்கே கீழ்நிலைப் பணியாளர்களுக்கான வகுப்பில் அவர் பயின்றார். வகுப்பின் பெயரே அன்றைய படிநிலையைச் சொல்லும். திட்டமிட்டு ஆணையிடுவது மேல்வகுப்பில் பயின்றவர்களின் பணி. அளந்து, வரைந்து, கணக்கிட்டுக் கொடுப்பது இவர்களின் பணி.

1866-ல் இந்தூரில் பொதுப்பணித் துறைச் செயலக அலுவலகத்தில் தலைமை மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் தீனதயாள் பணியில் சேர்ந்தார். ஒரு கட்டடத்தின் நீள அகலங்களைக் கண்ணால் எடைபோடும் பழக்கமும், கோடு வளையாமல் வரையும் பயிற்சியும் அவருக்கு அங்கே கைவந்தன. பின்னாளில் அவர் எடுத்த கோயில், கோட்டைப் படங்களில் தூண்கள் நேராக நிற்பதற்கும் மண்டபங்கள் தம் முழு அளவோடு தெரிவதற்கும் அந்தப் பயிற்சியே அடித்தளம் என்று கருத இடமுண்டு.

ஈரம் காய்வதற்குள்

இந்தூரில் பணியாற்றிய காலத்தில், ஏறத்தாழ 1874-ல் தீனதயாள் புகைப்படக் கலையைக் கையில் எடுத்தார். அன்று அந்தக் கலையின் நடைமுறை ஈரத்தகடு முறை. லண்டனைச் சேர்ந்த பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி 1851-ல் வெளியிட்ட முறை அது. காப்புரிமை எதுவும் பெறாமல் உலகுக்கே அதை வழங்கிய ஆர்ச்சர், 1857-ல் வறுமையில் இறந்தார். அவருடைய முறையோ அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு உலகெங்கும் கோலோச்சியது.

பொத்தானை அழுத்தினால் படம் கிடைக்கும் காலத்தில் வாழ்பவர்களுக்கு ஈரத்தகடு முறையின் கடுமையை உணர்வது எளிதன்று. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டை மாசு மறுவின்றித் துடைக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, அயோடைடு உப்பு சேர்த்துச் செய்த கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை அதன்மீது ஊற்ற வேண்டும். தகட்டை நான்கு மூலைகளுக்கும் மெல்லச் சாய்த்து, திரவம் ஒரே சீராகப் பரவியதும் மிகுதியைப் புட்டியில் வடித்துவிட வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் படத்தில் அலை விழுந்துவிடும்.

அடுத்து இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தகட்டைச் சில நிமிடங்கள் மூழ்க வைக்க வேண்டும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும் தன்மையைப் பெறுகிறது. வெளியே எடுத்த நொடியிலிருந்து காலம் எதிரியாகிவிடும். ஒளி புகாத சட்டத்தில் தகட்டை வைத்து, கேமராவில் பொருத்தி, மூடியைத் திறந்து, நொடிகளை எண்ணி மூடி, மீண்டும் இருட்டறைக்கு ஓடி, இரும்பு சல்பேட் கரைசலை ஊற்றிப் படத்தை வெளிக்கொணர வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே இத்தனையும் முடிந்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் உழைப்பு அனைத்தும் வீண். பின்னர் ஹைப்போ அல்லது கொடிய நஞ்சான பொட்டாசியம் சயனைடு கொண்டு படத்தை நிலைநிறுத்தி, கழுவி, வார்னிஷ் பூச வேண்டும்.

ஐரோப்பாவின் குளிர்ந்த காற்றில் பத்து, பதினைந்து நிமிடங்கள் ஈரம் தாங்கும் தகடு, இந்தியக் கோடையில் அதற்கு முன்பே காய்ந்துவிடும். ஈதர் வேகமாக ஆவியாகிவிடும். புழுதி தகட்டில் ஒட்டும். கழுவுவதற்குத் தூய நீர் கிடைக்காது. வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்து, நாள்கணக்கில் அந்தக் கறை போகாது. ஊர்விட்டு ஊர் போய்ப் படம் எடுப்பவர் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், தண்ணீர், கனத்த கண்ணாடிகள் ஆகிய அனைத்தையும் மாட்டு வண்டிகளிலும் ஆள்களின் தலைச்சுமையிலும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அன்று படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறைக்கு வரவில்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடியைச் சுமக்க வேண்டும். முட்டை வெண்கரு பூசிய தாளின் மீது நெகடிவை வைத்து, வெயிலில் காட்டிப் படிகள் எடுப்பதே வழக்கம்.

இந்தக் கலையை அலுவலகப் பணிக்கு இடையே ஓர் இந்திய அரசு ஊழியர் கற்றுத் தேர்ந்தார் என்பது சாதாரணச் செய்தியன்று. கேமராவும் லென்சும் ரசாயனங்களும் கடல் கடந்து வந்தவை. உடையும் ஒவ்வொரு கண்ணாடியும், கெட்டுப்போகும் ஒவ்வொரு கரைசலும் கற்பவரின் பணத்தைக் கரைப்பவை. பிழை செய்து, செலவழித்து, மீண்டும் முயன்றே இதைக் கற்க முடியும். செய்முறையை நூல் சொல்லும். கொலோடியனை ஊற்றும் மணிக்கட்டின் நிதானத்தை எந்த நூலும் கற்றுத் தராது.

யார் கையில் கேமரா?

அன்று கேமரா பெரும்பாலும் யார் கையில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பம்பாயில் 1854-லும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-லும் புகைப்படச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. ராணுவ அதிகாரிகள், மருத்துவர்கள், அரசு அலுவலர்கள் எனப் பெரும்பாலும் ஐரோப்பியர்களே அவற்றை நடத்தினர். லக்னோவில் அகமது அலி கான், பம்பாயில் நாராயண் தாஜி போன்ற இந்தியர்கள் தொடக்கத்திலேயே இக்கலையில் ஈடுபட்டபோதிலும் அவர்கள் எண்ணிக்கையில் சிலரே.

1857 எழுச்சி ஒடுக்கப்பட்டபின் பெலிஸ் பீட்டோ என்ற புகைப்படக் கலைஞர் லக்னோவிலும் தில்லியிலும் இடிபாடுகளைப் படமெடுத்தார். வென்றவர்களின் பார்வையில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. 1868 முதல் 1875 வரை, இந்திய மக்கள் என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகளை ஆங்கிலேய அரசு வெளியிட்டது. சாதி, இனம், தொழில் என மக்களைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் படமும் குறிப்பும் தந்த தொகுப்பு அது. யார் விசுவாசிகள், யார் முரடர்கள் என்ற தீர்ப்பும் அந்தக் குறிப்புகளில் இருந்தது. அளவுகோல், நிலப்படம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றின் வரிசையில் கேமராவும் ஆட்சியின் கருவிகளில் ஒன்றாக இருந்தது.

அந்தத் தொகுப்பின் கடைசித் தொகுதி வெளிவரும் வேளையில்தான் தீனதயாள் கேமராவின் பின்னால் வந்து நின்றார். படத்தில் மட்டுமே இடம் பெற்றிருந்தவர்களில் ஒருவர், படம் எடுப்பவரின் இடத்துக்கு வந்தது அவருடைய வாழ்வின் முதல் திருப்பம்.

பதவிக்கு வெளியே ஒரு புகழ்

இந்தூர் மன்னர் இரண்டாம் துகோஜி ராவ் ஹோல்கர், தீனதயாளின் முதல் புரவலர். மத்திய இந்தியாவுக்கான கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியாக இருந்த சர் ஹென்றி டாலியும் அவருக்கு ஊக்கமளித்தார். வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவர், 1875-76-ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டபோது அதைப் படமெடுக்கும் வாய்ப்பு தீனதயாளுக்குக் கிடைத்தது. கலையைக் கற்கத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே கிடைத்த வாய்ப்பு இது.

1880-களின் தொடக்கத்தில், டாலியின் பொறுப்புக்கு வந்த சர் லெப்பல் கிரிஃபினுடன் புந்தேல்கண்ட் உள்ளிட்ட மத்திய இந்தியப் பகுதிகளில் அவர் பயணம் செய்தார். குவாலியர், தத்தியா, ஓர்ச்சா, கஜுராஹோ, சாஞ்சி எனப் பல இடங்களின் சின்னங்கள் அவர் தகடுகளில் பதிந்தன. அந்தப் படங்களின் தொகுப்பு, மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற நினைவுச் சின்னங்கள் என்ற பெயரில் 1886-ல் நூலாக வெளிவந்தது. நூலாசிரியராகக் கிரிஃபின் பெயர் இருந்தது. நூலைத் தாங்கி நிற்பவை தீனதயாளின் படங்கள் என்பதை அதைப் புரட்டிய எவரும் அறிவர். தொல்லியல் துறை அறிஞர்களுக்கும் கட்டடக்கலை ஆய்வாளர்களுக்கும், அச்சின்னங்கள் அக்காலத்தில் எந்நிலையில் இருந்தன என்பதற்கு அவை இன்றும் சான்றுகள்.

1885-ம் ஆண்டு அவர் வாழ்வில் முக்கியமானது. வைஸ்ராய் டஃபரின் பிரபு அவரைத் தன் புகைப்படக் கலைஞராக நியமித்தார். அதே ஆண்டில் அவர் அரசுப் பணியிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்தார். பிறகு ஓய்வு பெற்று, முழுநேரத் தொழிலாகவே புகைப்படக் கலையை ஏற்றார். அதே 1885-ன் டிசம்பரில்தான் பம்பாயில் இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது. படித்த இந்தியர்கள் சிலர் ஆட்சியில் பங்கு கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய ஆண்டில், இன்னோர் இந்தியர் ஆட்சியின் உச்சியில் இருந்தவரின் படக்கலைஞரானார். இரண்டும் அந்தக் காலத்தின் இரு முகங்கள்.

இந்தக் காலகட்டத்தில் தொழில்நுட்பமும் மாறியது. 1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடு, 1880-களில் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தது. வண்டியில் இருட்டுக் கூடாரம் தேவையில்லை. எடுத்த படத்தை நிதானமாக ஊர் திரும்பிக் கழுவலாம். நகரும் குதிரையையும் அணிவகுக்கும் படையையும்கூட உறையவைக்கலாம். அந்திப் பொழுதை அடைந்துவிட்ட ஒரு முறையைக் கடும் உழைப்பால் கற்ற தீனதயாள், புதிய முறை வந்ததும் தயங்காமல் அதற்கு மாறினார். ஆயினும், ஒரு தகட்டையும் வீணாக்கக் கூடாது என்ற ஈரத்தகட்டுக் காலத்தின் ஒழுக்கம் அவருடைய பிற்காலப் படங்களிலும் தெரிகிறது. படச் சட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பது அவற்றில் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

நிஜாமின் நகரில்

ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக் கலைஞராகத் தீனதயாள் பொறுப்பேற்றார். 1886-ல் செகந்திராபாத்தில் அவரது நிலையம் திறக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய சமஸ்தானத்தின் அரண்மனைகள், விருந்துகள், வேட்டைகள், பிரபுக்களின் மாளிகைகள் அனைத்தும் அவருடைய கேமராவுக்குத் திறந்தன. பின்னர் நிஜாம் அவருக்கு முஸவ்விர் ஜங் என்ற பட்டத்தையும் ராஜா என்ற சிறப்பையும் அளித்தார். அரசவையின் பட்டம், படம் எடுத்தவருக்குக் கிடைத்தது. மதம் வேறு, மொழி வேறு எனப் பாராமல் ஒரு சமணருக்கு முஸ்லிம் மன்னர் அளித்த மதிப்பு அது. விக்டோரியா மகாராணியின் அரச நியமனமும் அவரைத் தேடி வந்தது.

1892-ல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென ஒரு தனி நிலையத்தை அவர் தொடங்கினார். கோஷா முறையைக் கடைப்பிடித்த குடும்பங்களின் பெண்கள், அந்நிய ஆண் முன் முகம் காட்ட இயலாத காலம். உயர்ந்த மதில்களுக்குள் அமைந்த அந்த நிலையத்தின் பொறுப்பு, கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. பணியாளர்களும் பெண்களே. வணிக நோக்கு அதில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வரலாற்றின் கண்ணில் படாமலே மறைந்திருக்கக்கூடிய பெண்களுக்குத் தம் முகத்தைத் தாமே ஒரு தாளில் காணும் வாய்ப்பு அதனால் கிடைத்தது.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய படங்கள் இடம்பெற்றுப் பாராட்டைப் பெற்றன. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவை நடந்ததும் அந்தக் கண்காட்சியை ஒட்டியே என்பது குறிப்பிடத்தக்கது. 1896-ல் பம்பாயிலும் தீனதயாளின் நிலையம் திறக்கப்பட்டது. மகன்கள் ஞான்சந்தும் தரம்சந்தும் தொழிலில் துணை நின்றனர். இந்தூர், செகந்திராபாத், பம்பாய் என மூன்று நகரங்களில் கிளை பரப்பிய இந்திய நிறுவனமாக, ஆங்கிலேயர்களின் புகழ்பெற்ற புகைப்பட நிறுவனங்களுக்கு நிகராக அது நின்றது.

பஞ்சமும் தர்பாரும்

தீனதயாளின் வாழ்வை மதிப்பிடும் எவரும் இரண்டு வகைப் படங்களைக் கடந்து செல்ல முடியாது. ஒன்று பஞ்சப் படங்கள். மற்றொன்று தர்பார், வேட்டைப் படங்கள்.

1876-78-ல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தைத் தமிழகம் மறக்கவில்லை. அப்போது சென்னைக் குதிரைப் படையைச் சேர்ந்த அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமான மக்களைக் குழுக்களாக உட்கார வைத்துப் படமெடுத்தார். அவர்களுக்கு அவர் என்ன உதவி செய்தார் என்ற கேள்வி இன்றுவரை எழுப்பப்படுகிறது. பட்டினியை உலகுக்குக் காட்டிய சான்றுகள் என்ற வகையில் அவை விலைமதிப்பற்றவை. சாகும் மனிதர்களைக் காட்சிப் பொருளாக்கியவை என்ற வகையில் மனதைக் கூசவைப்பவை.

1899-1900 பஞ்சத்தின்போது ஹைதராபாத் சமஸ்தானத்தின் ஔரங்காபாத் பகுதியில் தீனதயாளின் நிறுவனம் எடுத்த படங்கள் வேறு வகையானவை. நிவாரணப் பணிகளையும் அவற்றை நாடி வந்த மக்களையும் அவை காட்டுகின்றன. நிஜாம் அரசு தன் கடமையைச் செய்கிறது என்று நிறுவுவதே அவற்றின் நோக்கம். ஓர் அரசு தன் நற்பெயருக்காக எடுக்கச் செய்த படங்கள் என்பதை மறுக்க முடியாது. எனினும், மக்களின் பசிக்கு ஆட்சி பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் படத்தின் வழியே ஆட்சியாளர் வாயாலேயே ஒப்புக்கொள்ளப்படுகிறது. இன்று எந்த அரசும் வெளியிடும் நிவாரணப் படங்களைப் பார்க்கும்போது, படத்தில் உள்ளவர்களோடு படத்துக்கு வெளியே விடப்பட்டவர்களையும் எண்ணிப் பார்க்க அவை கற்றுத் தருகின்றன.

மறுபுறம், 1902-ல் நிஜாமின் ஆட்சிப் பகுதியில் வாரங்கலை அடுத்த நெக்கொண்டாவில், சுட்டு வீழ்த்திய புலியுடன் கர்சன் பிரபுவும் அவர் மனைவியும் நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது. வைஸ்ராய் பதவியின் செருக்கை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் படம் அரிது. 1903 ஜனவரியில் தில்லியில் கர்சன் நடத்திய தர்பாரையும் தீனதயாளின் நிறுவனம் படமெடுத்தது. பஞ்சத்தின் வடு ஆறாத நாட்டில் இத்தனை ஆடம்பரம் தேவையா என்று அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் தலைவர் லால் மோகன் கோஷ் கடுமையாகச் சாடினார். சென்னை மேடை எதைக் கண்டித்ததோ, அதன் சான்று தீனதயாளின் தகடுகளில் இருக்கிறது.

அவர் அதிகாரத்தின் படக்கலைஞர் என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. மன்னர்களும் வைஸ்ராய்களும் பணம் கொடுத்தார்கள். அவர்கள் விரும்பிய தோற்றத்தில் அவர்களைக் காட்டினார். படச் சட்டத்தின் ஓரத்தில் குடை பிடித்தும் விசிறி வீசியும் நிற்பவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அரசியல் இயக்கத்தோடு அவர் பெயர் சேர்த்துப் பேசப்படுவதும் இல்லை. ஆனால், கண்ணாடித் தகட்டுக்கு ஒரு நேர்மை உண்டு. எஜமானரைப் பதிவு செய்யும் அதே கூர்மையோடு ஊழியரையும் அது பதிவு செய்கிறது. நூறாண்டுக்குப்பின் அந்தப் படத்தைப் பார்ப்பவர் நடுவில் அமர்ந்தவரை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவரைத் தேடலாம். அவர் முகமும் அங்கே தெளிவாகவே இருக்கும்.

எஞ்சிய கண்ணாடிகள்

1904-ல் மகன் தரம்சந்த் இறந்தார். அடுத்த ஆண்டு, 1905 ஜூலை 5-ம் தேதி பம்பாயில் தீனதயாள் காலமானார். அதே ஜூலை மாதத்தில் வங்கப் பிரிவினை முடிவை அரசு அறிவித்தது. அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தபோது சுதேசி இயக்கம் நாட்டைப் பற்றிக்கொண்டது. தீனதயாள் படமெடுத்த ஆடம்பர உலகின் அஸ்திவாரம் ஆட்டம் காணத் தொடங்கிய தருணத்தில் அவர் விடைபெற்றார். 1911-ல் ஆறாம் நிஜாமும் மறைந்தார். நிறுவனத்தின் பழைய பொலிவு அதன்பின் நீடிக்கவில்லை.

1948-ல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. 1971-ல் மன்னர் மானியமும் ஒழிக்கப்பட்டது. தீனதயாள் படமெடுத்த அரியணைகள் அனைத்தும் காலியாகிவிட்டன. படங்கள் மட்டும் எஞ்சின. 1989-ல் இந்திரா காந்தி தேசிய கலை மையம் அந்த 2,857 கண்ணாடி நெகடிவ்களைப் பெற்று நாட்டுடைமையாக்கிப் பாதுகாத்தது. 2006-ல் அஞ்சல் துறை அவருக்கு நினைவுத் தபால்தலை வெளியிட்டது. ஒரு காலத்தில் அரசவைகளைப் பதிவு செய்தவை இன்று மக்களின் சொத்தாகியுள்ளன.

அதே வேளையில், ஒரு கவலையும் எஞ்சுகிறது. நாடெங்கும் பழைய படநிலையங்களிலும், ஜமீன் மாளிகைகளிலும், அரசு அலுவலகங்களின் பழைய அறைகளிலும் கண்ணாடி நெகடிவ்கள் கிடந்தன. எடைக்குப் போட்டவையும், பூச்சைச் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாகப் பயன்படுத்தப்பட்டவையும் ஏராளம். ஒரு தகடு உடைந்தால் அதில் இருந்த ஊரும் முகமும் மீண்டும் கிடைக்கா. பாதுகாப்பு என்பது அலமாரியில் பூட்டி வைப்பதோடு முடிவதன்று. தட்பவெப்பம் சீராக உள்ள அறை, மின்னணுப் படிகள், படத்தில் உள்ளவர் யார் என்று ஆராய்ந்து எழுதும் அட்டவணை, பொதுமக்கள் வந்து பார்க்கும் உரிமை ஆகிய நான்கும் சேர்ந்ததே பாதுகாப்பு.

உலகின் பல நகரங்களில் இளம் கலைஞர்கள் ஈரத்தகடு முறையை மீண்டும் கற்று வருகின்றனர். கொலோடியனை ஊற்றுகிறார்கள், தகடு காய்வதற்குள் ஓடுகிறார்கள், விரல்களில் வெள்ளிக் கறை படிய நிற்கிறார்கள். அவர்களுக்கு அது விருப்பத்தால் ஏற்ற துன்பம். தீனதயாளுக்கோ அது ஒரே வழியாக இருந்தது. கீழ்நிலைப் பணியாளர் வகுப்பில் பயின்ற ஒருவர் அந்த வழியில் நடந்து, தன் காலத்து இந்தியாவை நம் கையில் சேர்த்திருக்கிறார். அதில் அவர் காட்டியதைப் பார்ப்பது எளிது. காட்டாமல் விட்டதையும் சேர்த்துக் கேட்பது நம் பொறுப்பு. அந்தக் கேள்விக்கு விடை தேடவாவது அந்தக் கண்ணாடிகள் உடையாமல் இருக்க வேண்டும்.